பொங்கி அடங்கிய பின் மிச்சம் என்ன?

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் நம் சங்கக் கூடத்தின் பின்முற்றத்தில் சிறுவர்கள் ஒரு மண்மலை சமைத்திருந்தனர். மலையின் உச்சியில் ஒரு சிறு குப்பி. குப்பிக்குள் ஒரு தேக்கரண்டி ஆப்பச் சோடா. சிவப்புச் சாயம் கலந்த வினிகரை ஒரு பையன் அதில் ஊற்றினான். சீறிக்கொண்டு எழுந்த நுரை சரிவெங்கும் வழிந்தோடிற்று. கூடியிருந்தோர் கைகொட்டினர். தமிழ்க் குடும்பங்களாயிற்றே, "பொங்கலோ பொங்கல்!" என்ற குரலும் எழுந்தது.

முன்வரிசையில் கம்பளி போர்த்து அமர்ந்திருந்த பாட்டியார் ஒருவர் மட்டும் கைகொட்டவில்லை. மகன் வீட்டைப் பார்த்துவரத் தஞ்சைச் சீமையிலிருந்து வந்து, டில்லிக் குளிரில் அகப்பட்டுக்கொண்டவர் அவர். பையனை அருகே அழைத்தார். "ஏண்டா கண்ணா, பொங்கினது சரி. பொங்கி அடங்கினப்புறம் மிச்சம் என்ன இருக்கு?" என்று கேட்டார்.

பையன் விழித்தான். நாமும் விழித்தோம் என்பதை ஒளிப்பானேன்? நுரையைப் பார்த்த கண் அடியில் தங்கிய நீரைப் பார்ப்பதில்லை. ஆனால் அப்பாட்டியாரின் கேள்விக்கு விடை தெரிந்திருந்தால், நம் இல்லங்களில் ஓர் ஆண்டில் வீணாகும் வினிகரும் சோடாவும் மிஞ்சும்; ஒரோவழி ஓர் ஆபத்தும் விலகும். அதனாலேயே இம்மாதம் அதை எடுத்துக்கொண்டோம்.

முதலில் சரக்கை இனங்கண்டு கொள்வோம். நம்மூரில் ஆப்பச் சோடா என்றும் சமையல் சோடா என்றும் வழங்குவதை இங்குள்ள மளிகைக் கடைக்காரர் 'மீட்டா சோடா' என்பார். இந்தியில் மீட்டா என்றால் இனிப்பு; குஜராத்தியிலோ 'மீட்டு' என்றால் உப்பு. (1939இல் டாட்டா கெமிக்கல்ஸ் ஆலை தோன்றிய மிட்டாப்பூர் என்ற ஊர்ப்பெயரின் பொருள் உப்பூர் என்பதே, நம் நாட்டுச் சோடாவில் பெரும்பங்கு அந்தச் சௌராஷ்டிரக் கரையிலிருந்து வருவது.) நம் சரக்கு இனிப்புமன்று, வெறும் உப்புமன்று. அதன் ரசாயனப் பெயர் சோடியம் பைகார்பனேட். துணி வெளுக்கும் சலவைச் சோடா வேறு. அது சோடியம் கார்பனேட், காரம் மிகுந்தது, உணவில் சேரத் தகாதது. கடையில் 'சோடா' என்று மட்டும் சொல்லிப் பொட்டலத்தை வாங்கிவரும் புதுக்குடித்தனக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பேக்கிங் பவுடர் இன்னொன்று. அதில் சோடாவுடன் உலர்ந்த அமில உப்பு ஒன்றும் மாவும் முன்னமே கலந்திருக்கும்.

வினிகரை நம் முன்னோர் காடி என்றனர். புளித்த கஞ்சிநீருக்கும் அப்பெயருண்டு. கடையில் விற்கும் வினிகரில் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கே அசெட்டிக் அமிலம். எஞ்சியதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர்.

இவ்விரண்டும் சந்திக்கும்போது நிகழ்வது இதுதான். அமிலம் தன்னிடமுள்ள ஹைட்ரஜனைச் சோடாவுக்கு ஈகிறது. அதனால் கணநேரம் கார்பானிக் அமிலம் என்ற நிலையற்ற பொருள் பிறக்கிறது. பிறந்த கணமே அது தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் உடைகிறது. அவ்வாயு வெளியேறும் அவசரமே நாம் காணும் நுரை. அமிலத்தின் மறுபாதியும் சோடாவிலிருந்த சோடியமும் கைகோத்துச் சோடியம் அசெடேட் என்ற உப்பாகி நீரில் கரைந்து கிடக்கின்றன.

இதில் கணக்கு மிகக் கண்டிப்பானது. 84 கிராம் சோடாவுக்கு 60 கிராம் அசெட்டிக் அமிலம் வேண்டும். கிடைப்பவை 82 கிராம் உப்பு, 18 கிராம் தண்ணீர், 44 கிராம் வாயு. கூட்டிப் பாருங்கள், இருபுறமும் 144. நம் சிறுவர்களின் மலையில் இட்டது ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 5 கிராம். அதை முற்றிலும் தீர்க்க நான்கு சதவீத வினிகர் 90 மில்லிலிட்டர், சிறு டம்ளர் அளவு, தேவை. எழும் வாயு 2.6 கிராம்தான், ஆனால் அது அடைத்துக்கொள்ளும் இடமோ சுமார் 1.4 லிட்டர்! எஞ்சிய நீரில் கரைந்திருக்கும் உப்பு ஏறக்குறைய 5 கிராம். பாட்டியாரின் கேள்விக்கு விடை இதுவே: போட்ட சோடாவின் எடைக்குக் கிட்டத்தட்ட அதே எடையில் ஓர் உப்பும், ஒரு டம்ளர் நீரும். சோடாவும் இல்லை, அமிலமும் இல்லை.

வேறொன்றையும் கவனித்தோம். நுரை எழுந்த குப்பியைத் தொட்ட பையன், "சில்லென்று இருக்கிறது" என்றான். குளிர்காலமாதலால் நாம் முதலில் பொருட்படுத்தவில்லை. பிறகு வீட்டில் ஒரு வெப்பமானியை இட்டுப் பார்த்ததில் பாதரசம் சில பாகைகள் இறங்கியது மெய்யே. இத்தனை சீற்றத்துடன் எழுவது சூட்டை உண்டாக்கும் என்றே யாரும் நினைப்பர். இங்கு நிகழ்வது நேர்மாறு; வினை தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இச்செய்தி பின்னால் நமக்குப் பயன்படப் போகிறது.

எழும் வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அகன்ற கண்ணாடிக் குடுவையில் வினையை நிகழ்த்தி, நுரை அடங்கியபின் குடுவையை எரியும் மெழுகுவத்தியின் மேல் மெல்லச் சாய்த்தால், நீர் ஒரு துளியும் சிந்தாமலே சுடர் அணைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஊற்றிக் காட்டும் இந்த வித்தையைப் பெரியவர் ஒருவர் உடனிருக்கப் பிள்ளைகள் செய்து பார்க்கலாம். மண்மலையைவிட இதுவே நமக்குப் பிடித்தது.

இவ்வாயுவை முதன்முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். 1756இல் வெளியான அவரது கட்டுரை, திடப்பொருளுக்குள் ஒரு காற்று கட்டுண்டு கிடக்க முடியும் என்றும், அமிலமோ வெப்பமோ அதை விடுவிக்கும் என்றும் காட்டிற்று. அதற்கு அவர் 'கட்டுண்ட காற்று' என்ற பொருளில் பெயரிட்டார். 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி அதே காற்றைச் சுண்ணக்கட்டியிலிருந்து கந்தக அமிலத்தால் விடுவித்து, தண்ணீரில் கரைக்கும் வழியை எழுதி வெளியிட்டார். நாம் சிறுவயதில் கடைத்தெருவில் குடித்த கோலி சோடாவின் பாட்டனார் அந்தத் தண்ணீர்தான். 1872இல் ஹிரம் காட் உரிமை பெற்ற அப்புட்டியில், கோலிக்குண்டை மேலே அழுத்திப் பிடித்திருப்பதும் இவ்வாயுவின் விசையே.

இனி அடுக்களைக்குள் வருவோம். டில்லியில் குடியேறிய நம்மவர் முதல் மார்கழியிலேயே அடையும் துயரம் ஒன்றுண்டு: இட்லி மாவு பொங்காது. இரவு வெப்பம் ஐந்தாறு பாகைக்கு இறங்கும் ஊரில், ஊரில் செய்ததுபோல மாலையில் அரைத்து வைத்த மாவு காலையில் அப்படியே, வைத்த கோட்டைத் தாண்டாமல், கல்லாக இருக்கும். மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அமிலத்தையும் தருகின்றன, கரியமில வாயுவையும் தருகின்றன. குளிரில் அவை உறங்குகின்றன. ஆகவே புளிப்புமில்லை, பொங்கலுமில்லை.

பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட நிற்கும் வேளையில் இல்லத்தரசி என்ன செய்வார்? ஆப்பச் சோடாவை ஒரு கரண்டி தாராளமாக அள்ளிப் போடுவார். இட்லி ஓரளவு எழும்பும். ஆனால் மஞ்சள் பூத்திருக்கும், சவர்க்காரச் சுவை நாவில் நிற்கும். குற்றம் சோடாவினுடையதன்று. புளிக்காத மாவில் அதற்கு எதிர்நிற்க அமிலம் போதாது. துணையின்றி வேகும் சோடா சூட்டினால் மட்டும் உடைகிறது; அப்போது தன்னிடமுள்ள வாயுவில் பாதியைத்தான் விடும். எஞ்சி நிற்பது, மேலே நாம் உணவில் சேரத் தகாதது என்று சொன்ன அந்தச் சலவைச் சோடாவேதான்.

அதே மாவில் புளித்த தயிர் ஒரு கரண்டி கலந்து, இட்லித் தட்டில் வார்ப்பதற்குச் சற்று முன்னர் சோடாவைச் சிட்டிகைக் கணக்கில் சேர்த்தால் கதை மாறிவிடும். தயிரின் லாக்டிக் அமிலம் வினிகரின் வேலையைச் செய்கிறது, வாயு முழுவதும் வெளிவருகிறது, கசப்பு தங்குவதில்லை. ரவா இட்லியின் உபாயம் இதுவே. இரண்டாம் உலகப் போர்க் காலத்து அரிசித் தட்டுப்பாட்டில் அதை உருவாக்கியவர்கள் தாங்களே என்று பெங்களூரின் மாவள்ளி டிபன் ரூம்காரர்கள் சொல்வர். குஜராத்தி அண்டை வீட்டார் டோக்ளாவில் ஈனோவைத் தூவுவதும் இவ்வினையை நம்பித்தான்; அதில் சோடாவும் சிட்ரிக் அமிலமும் உலர்ந்த நிலையில் ஒன்றாக இருக்கின்றன, தண்ணீர் பட்டதும் விழித்துக்கொள்கின்றன. டோக்ளாவில் இங்குமங்கும் செம்புள்ளிகள் தோன்றினால் சோடா சரிவரக் கலக்கவில்லை என்று பொருள். காரம் பட்ட மஞ்சள்தூள் சிவக்கும். அளவு மிஞ்சியதை உணர்த்த இதைவிட நேர்மையான சாட்சி வேண்டுமா?

பருப்பு விரைவில் வேகட்டும் என்று சோடா போடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. காரநீரில் பி-1 என்னும் உயிர்ச்சத்து அழிகிறது. வேறு நல்ல வழி குக்கர் இருக்கும்போது அது எதற்கு?

ஆக, வாயு வேண்டுமென்றால் இரண்டையும் சேர்க்க வேண்டும். சரி, வாயு வேண்டாத இடத்தில்?

இங்கே நம் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில் அடுக்களைத் தொட்டியின் குழாய் அடைத்துக்கொண்டது. கைப்பேசியில் யாரோ அனுப்பிய குறிப்பொன்று உதவிக்கு வந்தது: அரைக் கோப்பை சோடாவைப் போடு, மேலே வினிகரை ஊற்று, அடைப்பு பறந்துவிடும். செய்தோம். நுரை தொட்டியின் பாதி வரை எழும்பி வந்தது. வீட்டார் அனைவரும் மகிழ்ச்சியுடன் சுற்றி நின்றோம். நுரை அடங்கிற்று, நீர் நின்ற இடத்திலேயே நின்றது. மீண்டும் செய்தோம். மீண்டும் நுரை, மீண்டும் அதே நீர். ஒரு புட்டி வினிகர் தீர்ந்தது.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. குழாயில் உறைந்து கிடந்தது நெய்யும் தேங்காயெண்ணெயும். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகையிலேயே உறையும். டில்லியின் ஜனவரியில் புட்டியிலேயே வெள்ளைக் கட்டியாக நிற்பதை நாம் தினமும் பார்க்கிறோம். அதை இளக்கச் சூடு வேண்டும். நாமோ, சூட்டை உறிஞ்சும் வினையொன்றை அதன் தலைமேல் இரண்டு முறை நிகழ்த்தினோம்! கொழுப்பைக் கரைக்கவல்ல காரத்தையும், உப்புப் படிவைக் கரைக்கவல்ல அமிலத்தையும் ஒன்றோடொன்று மோதவிட்டு, இரண்டையும் செலவழித்துவிட்டு, உப்புத் தண்ணீரைக் குழாய்க்குள் ஊற்றியதுதான் நாம் கண்ட பயன்.

அத்தோடு நின்றிருந்தால் நன்று. பொறுமை இழந்து, அலமாரியிலிருந்த வெளுப்புத் திரவத்தை எடுத்து அதே தொட்டியில் கவிழ்த்தோம். இரண்டாம் முறை ஊற்றிய வினிகரில் சோடாவுக்கு மிஞ்சியது அங்கே இன்னும் நின்றிருந்தது. நீச்சல் குளத்து நெடி போன்ற ஒன்று சட்டென்று மூக்கில் ஏறிற்று. கண் எரிந்தது, இருமல் தொண்டையைப் பிடித்தது. குளிருக்கு அஞ்சிச் சன்னல்கள் அனைத்தும் சாத்தியிருந்தோம். பக்கத்து அறையில் ஆஸ்துமாக்காரியான நம் மூத்த தமக்கை படுத்திருந்தார். அவரை எழுப்பி வெளி வராந்தாவுக்குக் கொண்டுவந்து, கதவு சன்னல்களை விரியத் திறந்துவிட்டு, ஒரு மணி நேரம் குளிரில் நின்றோம். அன்றிரவெல்லாம் அவர் இருமிக்கொண்டே இருந்தார். அந்த இருமலை நாம் இன்னும் மறக்கவில்லை.

வெளிவந்தது குளோரின். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஜெர்மானியர் காற்றில் பரப்பிய அதே நச்சுவாயு, அளவுதான் வேறு. வெளுப்புத் திரவமாயினும், பிளீச்சிங் பவுடராயினும், அமிலம் பட்டால் இதை விடும். வினிகர், எலுமிச்சைச் சாறு, கழிப்பறை கழுவும் அமிலம் யாவும் இவ்விஷயத்தில் ஒன்றே. சோடாவும் வினிகரும் கலந்த விளையாட்டைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், இன்னொரு புட்டியிலிருந்து இன்னொன்றைக் கலந்து பார்க்கத் துணிவது இயல்பு. ஆகவே வெளுப்புச் சரக்கை அவர்கள் கைக்கெட்டாத அலமாரியில் வையுங்கள். தப்பித்தவறிக் கலந்துவிட்டால், துடைக்கவும் கழுவவும் நிற்காமல் முதலில் எல்லாரும் வெளியேறுங்கள். மூச்சு சீராகாவிடில் மருத்துவரிடம் செல்லுங்கள்.

மறுநாள் அந்தக் குழாய் எதனால் திறந்தது என்றால், ஒரு பெரிய பாத்திரம் சுடுநீராலும் பாத்திரம் துலக்கும் சோப்பாலும். செலவு ஒன்றுமில்லை.

பிள்ளைகளைப் பற்றி இன்னொரு சொல். சோடாவையும் வினிகரையும் புட்டியிலிட்டு மூடியை இறுக்கித் திருகினால் என்னவாகும் என்ற ஆவல் எந்தப் பையனுக்கும் வரும். ஒரு தேக்கரண்டிக்கு 1.4 லிட்டர் வாயு என்று கண்டோமே. அரை லிட்டர்ப் புட்டிக்குள் அது எங்கே போகும்? கண்ணாடி தாங்குமென்று நம்பலாகாது. கோலி சோடாப் புட்டியின் கண்ணாடி அத்தனை தடிமனாக இருந்தது வீணுக்கன்று. மலைக்கு வாய் திறந்திருக்கட்டும். மூடியின் வேலை அங்கே இல்லை.

வயிற்றெரிச்சலுக்குச் சோடாவைக் கரைத்துக் குடிக்கும் பெரியவர்களுக்கும் இங்கு இடமுண்டு. வயிற்றுக்குள் நிகழ்வது இதே வினையே. வினிகரின் இடத்தில் இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலம். வரும் ஏப்பம் அதே கரியமில வாயு. ஆனால் எஞ்சும் சோடியம் உடலுக்குள் போகிறது. ஒரு தேக்கரண்டிச் சோடாவில் ஏறக்குறைய 1.4 கிராம் சோடியம் உண்டு. ஒருவர் ஒரு நாளில் கொள்ளும் சோடியம் 2 கிராமுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாயைத் தொடமாட்டேன் என்று விரதமிருக்கும் ரத்த அழுத்தக்காரர், இரவில் சோடாவைக் கலக்கிக் குடிப்பதை நாமே கண்டிருக்கிறோம்! எரிச்சல் அடிக்கடி வந்தால் மருத்துவரைக் கேட்பதே முறை.

வினிகர் தனியே நின்று வெல்லும் இடமும் ஒன்றுண்டு. ஆழ்குழாய்த் தண்ணீரைக் காய்ச்சும் வீடுகளில் மின்கெட்டிலின் அடியில் வெண்பாறை படிகிறதல்லவா? அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகரும் தண்ணீரும் சரிபங்காக ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால், சின்னஞ்சிறு குமிழிகள் எழுந்து அது கரையும். குமிழிகள் வேறல்ல, கல்லுக்குள் கட்டுண்டிருந்த அதே காற்றுதான். இங்கே சோடாவைச் சேர்த்தால் கல்லைக் கரைக்க வேண்டிய அமிலம் சோடாவிடமே தீர்ந்துபோகும். பிறகு கெட்டிலை நன்கு கழுவி, ஒருமுறை வெறுந்தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் கொட்டிவிடுங்கள். பளிங்குத் தரைக்கு மட்டும் வினிகரைக் காட்டாதீர்கள்; பளிங்கும் அதே கால்சியம் கார்பனேட் ஆதலால் பளபளப்பு போய்விடும். சோடாவின் தனி வலிமையோ கறிபிடித்த பாத்திரத்தில் தெரியும்; சிறிது நீரில் குழைத்துத் தேய்த்தால் கீறல் விழாமல் கறை விடும்.

மண்மலை சமைத்த பையன் பாட்டியாரின் கேள்வியை விடவில்லை. மலையடியில் தேங்கிய நீரை வடிகட்டி, ஒரு சாசரில் ஊற்றி, மொட்டைமாடி வெயிலில் வைத்திருந்தான். பனிமூட்டம் விலகிய நாட்களாகப் பார்த்து ஒரு வாரம் காத்ததில் நீர் வற்றி, இளஞ்சிவப்புச் சாயமேறிய படிகங்கள் ஓரமெங்கும் பூத்திருந்தன. அடுத்த ஞாயிறு சாசரை ஏந்திக்கொண்டு வந்து, "பாட்டி, மிச்சம் இதுதான். இதுவும் ஒரு உப்பு. துணிக்குச் சாயம் போடுற இடத்திலே, தோல் பதனிடுற இடத்திலே எல்லாம் உபயோகமாம்" என்றான்.

பாட்டியார் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். விரலால் தொட்டு முகர்ந்தார்.

"வினிகர் வாசனை இன்னும் போகலையேடா. கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்திட்டே போலிருக்கு" என்றார்.